தாழ்வான பகுதி யாருடைய முகவரி?

ஐப்பசி பிறந்தால் ஓர் அறிவிப்பு தவறாமல் நம் காதில் விழும். தாழ்வான பகுதிகளில் வசிக்கும் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல வேண்டும் என்பது அது. தொலைக்காட்சியில் வரும், வருவாய்த் துறை அனுப்பும் ஆட்டோவின் ஒலிபெருக்கியில் வரும், நாளிதழ்களிலும் வரும். தமிழ் படித்தவனின் பழக்கமோ என்னவோ, ‘தாழ்வான’ என்ற சொல்லைத் தாண்டி எனக்குக் கண் நகராது. மேடும் பள்ளமும் மண்ணின் இயல்பு. ஆனால் மேட்டில் யார் குடியிருப்பது, பள்ளத்தில் யார் குடியிருப்பது என்பதை மண் முடிவு செய்யவில்லை.

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் வருகிறது பென்னலூர். சாலையோரம் நின்றால் கல்லூரிப் பேருந்துகள், கார்களை ஏற்றிச் செல்லும் நீண்ட லாரிகள், ஷிப்டு மாறும் நேரத்தில் வரிசை கட்டும் கம்பெனி பஸ்கள். அந்தப் பக்கத்தில் உள்ளே திரும்பும் ஒரு சாலையின் முடிவில் இருக்கிறது நான் கடந்த வாரம் போன குடியிருப்பு. அதன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்று சொல்லி ஏற்கெனவே ஒருமுறை நோட்டீஸ் ஒட்டப்பட்ட இடம். பெயர் பேப்பரில் வந்தால் மறுபடியும் அளவு சங்கிலியோடு வந்து நிற்பார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயம் நியாயமானது.

அங்கே ஒரு வீட்டுச் சுவரில் மூன்று கரிக்கோடுகள் இருக்கின்றன. மேலே இருப்பது 2015. ஜன்னல் கட்டைக்கு ஒரு சாண் உயரத்தில். கீழே உள்ள இரண்டில் ஒன்று 2021, மற்றொன்று 2023. வீட்டுக்குச் சொந்தக்கார ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரனை விட்டுக் கோடு போட வைத்திருக்கிறார். எதற்கு ஆயா இந்தக் கோடு என்று கேட்டேன்.

“அப்பறம் வர்றவங்க நம்ப மாட்றாங்க தம்பி. தண்ணி வத்துனதும் கணக்கு எடுக்க வராங்க, இங்க எங்க தண்ணி வந்துச்சின்றாங்க. அதான் கோடு போட்டு வெச்சேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். “முன்ன ஏரி ரொம்புச்சின்னா ராத்திரியில வந்து எங்க ஊட்டுக்காரரக் கூப்புடுவாங்க, கரைக்கு மண்ணு மூட்ட போட. இப்ப ஏரி ரொம்புச்சின்னா எங்களக் கெளம்புன்றாங்க.”

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இந்த மாவட்டத்தின் முப்பது ஆண்டு வரலாறு கிடக்கிறது.

பள்ளம் எப்படி வந்தது?

காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதிகளை ஏரிகளின் மாவட்டம் என்பார்கள். ஒரு ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்குப் போகும். பாலாற்றிலிருந்து வரும் கம்பக்கால்வாய் வழியெங்கும் ஏரிகளை நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு வரும். அங்கிருந்து தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் கலந்து கடலுக்குப் போகும். அதாவது பென்னலூர்ப் பக்கத்துக் கால்வாயில் ஓடும் தண்ணீருக்கும் சைதாப்பேட்டைப் பாலத்துக்கும் உறவு இருக்கிறது. சென்னையின் வெள்ளம் சென்னையில் பிறப்பதில்லை, நம் ஊர்களில் பிறக்கிறது.

இந்த ஏரிகளை யார் காத்தார்கள்? மதகைத் திறந்து மூடி, வயல் வயலாக நீர் பங்கிட்ட நீர்க்கட்டி வேலையைப் பல ஊர்களில் பார்த்தவர்கள் சேரிக்காரர்கள். கரை கசிகிறதா என்று இரவில் பந்தத்தோடு நடந்தவர்களும் அவர்களே. ஏரியின் குணம் அவர்களுக்குத் தெரியும். ஏரிப் பாசனத்தில் நிலம் மட்டும் அவர்களுக்கு இல்லை.

குடியிருக்கும் மனைகூட அவர்களுடையதாக இல்லை என்பதை 1891இல் எழுதிவைத்தவர் ஒரு வெள்ளைக்காரர். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். குடிசை போட்டிருக்கும் இடத்துக்கு மிராசுதார் உரிமை கொண்டாடுவதையும், எதிர்த்துப் பேசினால் வீட்டைவிட்டே விரட்ட முடிவதையும் அதில் விவரித்தார். அதைத் தொடர்ந்து வந்ததுதான் 1892ஆம் ஆண்டின் அரசாணை எண் 1010. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதன் வழியாக வந்த நிலத்தை. சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதை மீட்கப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் வீரவணக்கம் செலுத்துகிறோம். நிலம் திரும்பவில்லை.

வெள்ளத்தைப் பற்றிப் பேச வந்தவன் பஞ்சமி நிலத்துக்குப் போய்விட்டான் என்று நினைக்க வேண்டாம். மனை உரிமை இல்லாதவன் மேட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஊர் ஒதுக்கிய மூலைதான் அவனுக்கு. ஏரியின் பின்புறம், ஓடைக் கரை, சுடுகாட்டுப் பாதை, வயலின் கடைசிச் சரிவு. ஆனாலும் அந்தக் காலத்தில் ஊரும் சேரியும் ஏறக்குறைய ஒரே தரைமட்டத்தில் இருந்தன. ஒரு அடி, இரண்டு அடி வித்தியாசம் இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் வரும், வயல் வழியாக வடியும்.

அந்தச் சரிவைக் கிண்ணமாக மாற்றியது கடந்த முப்பது ஆண்டுகள். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் வளாகங்கள் விரிந்தன. தொழிற்சாலை வந்ததை நான் குறை சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளும் அதில் வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளிகளாக. நான் கேட்பது மண்ணைப் பற்றி. ஒவ்வொரு கம்பெனியும் தன் வளாகத்தைக் கிராவல் கொட்டி உயர்த்திக்கொண்டது. சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர் எழுப்பியது. மனைப்பிரிவு போட்டவர்கள் சவுடு மண் அடித்து மேடாக்கினார்கள். நெடுஞ்சாலையும் உள்சாலையும் ஒவ்வொரு முறை போடும்போதும் பழைய தாருக்கு மேல் புதிய தார் ஏறியது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார். அதற்குள் எத்தனையோ வாசற்படிகள் சாலைக்குக் கீழே போய்விட்டன. வயல் போனதால் வாய்க்காலுக்கு வேலை இல்லை என்று அதையும் தூர்த்தார்கள். வாய்க்கால் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவர மட்டும் இருந்ததல்ல, மழை நாளில் தண்ணீரை வெளியே கொண்டுபோகவும் அதுதான் வழி.

எல்லோரும் உயர்ந்துகொண்ட பிறகு உயராமல் நின்றது சேரி மட்டும்தான். லாரி லாரியாக மண் வாங்க அங்கே யாரிடமும் காசில்லை. ‘தாழ்வான பகுதி’ இப்படித்தான் பிறந்தது. மக்கள் பள்ளத்துக்குப் போய்க் குடியேறவில்லை. சுற்றியிருந்தவர்கள் ஏறிக்கொண்டதால் அவர்கள் இருந்த இடம் பள்ளமானது.

இன்னொன்றும் நடந்தது. கிராமத்தானாகப் பிறந்தவன் எங்கும் போகாமலேயே நகரத்து ஏழையாகிவிட்டான். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது நம் பகுதியும் அதற்குள் வந்தது. நகரத்தின் வாடகை வந்துவிட்டது, விலைவாசி வந்துவிட்டது, கழிவுநீர் வந்துவிட்டது. நகரத்தின் மழைநீர் வடிகால் மட்டும் ஊராட்சி எல்லையைத் தாண்டி உள்ளே வரத் தயங்குகிறது. 2015க்குப் பிறகும் 2021க்குப் பிறகும் சென்னை மாநகராட்சியின் வடிகால்களுக்கு ஆயிரக்கணக்கான கோடிகள் ஒதுக்கப்பட்டன. அதில் எத்தனை சதவீதம் முடிந்தது என்று சட்டமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் சண்டை நடக்கிறது. நல்ல சண்டைதான். நம் ஊராட்சியின் வடிகால் பற்றிச் சண்டை போடவாவது யாராவது இருக்கிறார்களா?

29,000 கனஅடிக்குப் பிறகு

2015 டிசம்பர் 1, 2 தேதிகளை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது. ஏரியைக் கையாண்ட விதத்தைக் கடுமையாகச் சாடிய இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அது மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்பதே அதன் முடிவு.

தண்ணீர் வடிந்ததும் குற்றவாளிகளைத் தேடினார்கள். ஆற்றங்கரைக் குடிசைக்காரர்கள் கிடைத்தார்கள். அடையாறு, கூவம் கரைகளில் தலைமுறைகளாக இருந்தவர்கள் ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ ஆனார்கள். கரையோரம் எழும்பிய பெரிய கட்டிடங்களுக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை. சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் கட்டித்தான் நீட்டப்பட்டிருக்கிறது. 2015 வெள்ளத்தில் விமான நிலையமே சில நாட்கள் மூடிக்கிடந்தது. ஓடுபாதையை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை. குடிசை ஆற்றின் அகலத்தைக் குறைத்தது என்றால், கான்கிரீட் தூண்கள் என்ன செய்திருக்கும் என்று கேட்பது தவறா?

கரையிலிருந்து எடுக்கப்பட்டவர்களை எங்கே அனுப்பினார்கள் என்று பாருங்கள். பெரும்பாக்கத்துக்கு. அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம். அதற்கு முன்பே செம்மஞ்சேரியில் குடியேற்றப்பட்டவர்கள் மழைக்கு மழை முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள். ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிச் சதுப்பு வெள்ளத்தில் விட்டார்கள். நம் மாவட்டத்துக்கும் ஒரு பங்கு வந்தது, படப்பை பக்கம் நாவலூர் அடுக்குமாடிகளுக்கு. சென்னையில் வீட்டு வேலையும் சுமை தூக்கும் வேலையும் பார்த்தவர்கள் திடீரென்று தொழிற்பேட்டையின் ஓரத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். வேலைக்குப் போக விடியலில் எழுந்து பஸ் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் வேலையை விட்டார்கள், மீதிப் பேர் பிள்ளைகளின் படிப்பை விட்டார்கள் என்று அங்கே ஒரு தாய் என்னிடம் சொன்னார். கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம், பொய் சொல்லவில்லை.

நகரைச் சுத்தம் செய்யவும் ஒரு படை வந்தது. 2015 டிசம்பரில் நீலகிரி உட்பட வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் தூய்மைப் பணியாளர்கள் பேருந்துகளிலும் லாரிகளிலும் கொண்டுவரப்பட்டார்கள். மலை மலையாகக் கிடந்த குப்பையை அள்ளினார்கள். பலருக்குக் கையுறை இல்லை, தங்க இடம் சரியில்லை. அவர்கள் எந்தச் சமூகத்தவர் என்பதைத் தனியாக எழுத வேண்டியதில்லை. வெள்ளத்தில் முதலில் மூழ்கும் மக்களும் வெள்ளம் வடிந்ததும் சாக்கடையில் முதலில் இறங்கும் மக்களும் ஒரே மக்களாக இருக்கிறார்கள்.

மாட்டுக்கு 37,500, குடிசைக்கு 8,000

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு அரசு நிவாரணம் அறிவித்தது. குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய். அதை யாருக்குக் கொடுப்பது என்று ஒரு எல்லை வகுத்தார்கள். சென்னை மாவட்டம் முழுவதும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் குன்றத்தூர் வட்டம் முழுவதும், ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் 3 வருவாய் கிராமங்கள். மூன்றே மூன்று. தண்ணீர் வருவாய் கிராமத்தின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வருவதில்லை. கால்வாய்க்கு இந்தப் பக்கம் உள்ள வீட்டுக்குப் பணம், அந்தப் பக்கம் உள்ள வீட்டுக்கு இல்லை என்றால் இரண்டு வீட்டிலும் அடுப்பு நனைந்ததுதானே? ஆயாவின் சுவரில் இருக்கும் மூன்றாவது கோட்டுக்கு ஒரு பைசா வரவில்லை. அவர் இருப்பது நான்காவது கிராமத்தில்.

அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் புயலில் விழுப்புரமும் கடலூரும் மூழ்கியபோது குடும்பத்துக்கு 2,000 ரூபாய் என்றார்கள். சென்னைக்கு ஒரு விலை, விழுப்புரத்துக்கு ஒரு விலை.

2023 அறிவிப்பில் இன்னொரு பட்டியலும் இருந்தது. இறந்த மாட்டுக்கான நிவாரணம் 30,000 ரூபாயிலிருந்து 37,500 ஆகவும், ஆட்டுக்கு 3,000 ரூபாயிலிருந்து 4,000 ஆகவும் உயர்ந்தது. சேதமடைந்த குடிசைக்கு 5,000 ரூபாயிலிருந்து 8,000. மாடு வைத்திருப்பவருக்கு உரியது கிடைக்கட்டும், அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் 8,000 ரூபாயில் ஒரு குடிசையை மறுபடி கட்ட முடியுமா? கீற்றும் மூங்கிலும் கயிறும் வாங்கி, ஆள் கூலி கொடுத்து முடிக்க எவ்வளவு ஆகும் என்று எந்தக் கொத்தனாரையும் கேட்கலாம். குடிசையின் ‘மதிப்பு’ குறைவு என்பதால் குறைவாகக் கொடுக்கிறார்கள். ஏழையின் வீடு ஏழ்மையாக இருந்தது என்பதற்காகவே அவன் மறுபடியும் ஏழ்மையான வீட்டையே கட்ட வேண்டியிருக்கிறது. அடுத்த மழையில் அது மறுபடியும் விழும்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை கத்ரீனா புயல் அடித்தது. கரைகள் உடைந்து தண்ணீர் புகுந்தபோது பெரும் அடி வாங்கிய இடங்களில் ஒன்று லோயர் நைன்த் வார்டு என்னும் கறுப்பின மக்களின் பகுதி. பிறகு வீடு கட்ட ‘ரோடு ஹோம்’ என்றொரு உதவித் திட்டம் வந்தது. வீட்டின் பழைய சந்தை விலை, மீண்டும் கட்ட ஆகும் செலவு, இந்த இரண்டில் எது குறைவோ அதை வைத்து உதவித் தொகையைக் கணக்கிட்டார்கள். கறுப்பர் பகுதியில் வீட்டுக்குச் சந்தை விலை குறைவு, ஏனென்றால் அது கறுப்பர் பகுதி. செங்கல்லும் மரமும் எல்லோருக்கும் ஒரே விலைதான். ஒரே அளவு வீடு, ஒரே அளவு சேதம், ஆனால் வெள்ளையருக்கு அதிகம், கறுப்பருக்குக் குறைவு. அவர்கள் 2008இல் வழக்குப் போட்டார்கள். 2011இல் அரசு 6 கோடியே 20 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது. காகிதத்தில் சாதியோ நிறமோ ஒரு வார்த்தையும் இல்லாமல் பாகுபாடு காட்ட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் மாணவர்களுக்குக் கிடைக்காது.

நம் பட்டியல்களிலும் சாதி என்ற சொல் இல்லை. பட்டா இருக்கிறதா என்று மட்டும் கேட்பார்கள். நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கிடையாது. பட்டா இல்லையென்றால் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் வீடு கிடையாது. கான்கிரீட் வீடு இல்லையென்றால் குடிசை. குடிசை விழுந்தால் 8,000. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி 1891இல் டிரமன்ஹீர் எழுதிய அதே கண்ணிதான்.

வாடகைக்கு இருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பெரிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் ஆயிரக்கணக்கானோர் இன்றும் வரிசை வீடுகளில்தான் இருக்கிறார்கள். பத்துக்குப் பத்து அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு அறையில் ஆறு பேர். தென் மாவட்டத்துத் தலித் இளைஞனும் ஒடிசா, பீகார் இளைஞனும் பக்கத்துப் பக்கத்து அறையில். இருவருக்கும் இங்கே ரேஷன் அட்டை இல்லை. 2023இல் அட்டை இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அதற்குள் எத்தனை பேர் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள் என்பதற்குக் கணக்கில்லை. மழைக்காகக் கம்பெனி மூடிய நாட்களுக்குக் கூலியும் அவர்களுக்கு வருவதில்லை.

பிரிவு 61

2004 சுனாமியில் நாகப்பட்டினம் கடற்கரை முகாம்களில் தலித் மக்கள் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். முகாமில் சேர்க்க மறுப்பு, தண்ணீர்த் தொட்டியைத் தொட விடாமல் தடுப்பு, நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபடல். மனித உரிமை அமைப்புகள் இவற்றைப் பதிவு செய்தன. கடல் வந்து அடித்த மறுநாளே சாதி எழுந்து நின்றது.

மறு ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றியது. அதன் 61ஆம் பிரிவைக் கல்லூரி மாணவர்கள் ஒருமுறையாவது எடுத்துப் படிக்க வேண்டும். பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பெயரால் இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அது. நல்ல சட்டம். ஆனால் அது பேசுவது நிவாரணத்தைப் பற்றி, அதாவது வெள்ளம் வந்த பிறகு நடப்பதைப் பற்றி. வெள்ளம் யார் வீட்டுக்கு வர வேண்டும் என்று முன்கூட்டியே முடிவாகிவிடுவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. எங்கே மண் கொட்டலாம், எந்த வாய்க்காலை மறிக்கலாம், எந்தக் கால்வாய்க்கு முதலில் கான்கிரீட் போடலாம் என்பதெல்லாம் நிவாரணக் கணக்கில் வராது. பாகுபாட்டின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.

பரந்தூர் விமான நிலையத் திட்டப் பரப்பைக் கம்பக்கால்வாய் கடக்கிறது. அதைத் திருப்பிவிடலாம் என்று பொறியாளர்கள் சொல்லலாம். திருப்பிவிட்ட தண்ணீர் எந்தக் குடியிருப்பின் பக்கம் திரும்பும் என்று ஏகனாபுரத்துக்காரர்கள் மட்டும் கேட்டால் போதாது, ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குக் கீழே இருக்கும் நாமும் கேட்க வேண்டும்.

முகாம் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மழை வந்தால் எங்கே போவீர்கள் என்று அந்தக் குடியிருப்பில் கேட்டேன். ஊருக்குள் இருக்கும் மண்டபத்தைக் காட்டியிருக்கிறார்களாம். போவீர்களா என்றேன். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் தடுக்க மாட்டார்கள், காலம் மாறிவிட்டது என்றார் ஒருவர். தடுக்க மாட்டார்கள்தான், ஆனால் பேசுவார்கள் என்றார் இன்னொருவர். 2015இல் அவர்கள் நெடுஞ்சாலை மேம்பாலத்தின் அடியில் இரண்டு இரவு இருந்தார்கள். மண்டபம் அரைக் கிலோமீட்டரில் இருந்தது. இறந்தவரைப் புதைக்கப் போகும் பாதையும் அந்த வாரம் முழுகிக் கிடந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது ஆண்கள் பேச்சை மாற்றினார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

நவம்பர் 1 அன்று கேட்க வேண்டியவை

ஒவ்வொரு மாவட்டமும் பேரிடர் மேலாண்மைத் திட்டம் ஒன்றைத் தயாரித்து வைத்திருக்க வேண்டும். அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. மாநிலம் முழுவதும் 4,133 இடங்களை வெள்ளம் பாதிக்கக்கூடியவை என்று கண்டறிந்து நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் முதல்நிலை மீட்பாளர்கள், தங்க வைக்க வேண்டிய கட்டிடம் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் குடியிருப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா? எந்த வகையில்? கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். சொல்லவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போதும். பட்டியலில் இல்லாத இடத்துக்குப் படகு வராது.

நவம்பர் 1 உள்ளாட்சி தினம். அன்று கிராம சபை கூடும். அங்கே பேச வேண்டியதைப் படித்த பிள்ளைகள் முன்கூட்டியே எழுதி எடுத்துப் போகலாம். எங்கள் குடியிருப்பிலிருந்து தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக எந்த ஏரிக்குப் போக வேண்டும், அந்த வாய்க்காலின் புல எண் என்ன, இன்று அதன் மேல் என்ன இருக்கிறது என்று ஒரு படமே வரையலாம். கிராமப் புலப்படம் வைத்திருக்கிறார்கள், பார்க்கும் உரிமை நமக்கு இருக்கிறது. மழைக்கால முகாமாக எங்கள் பக்கத்துப் பள்ளிக் கட்டிடத்தையும் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லலாம்.

அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் ஆதிதிராவிடர் குடியிருப்புகளை மேம்படுத்த ஐந்து ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் என்று 2023இல் அறிவித்தார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான நிதியை அவர்களுக்கே செலவிட வேண்டும் என்று 2024இல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. இந்தப் பணத்தில் நம் குடியிருப்புக்கு என்ன வந்தது என்றும் கேளுங்கள். பேவர் பிளாக் சாலை வந்தது என்று சொல்வார்கள். அந்தச் சாலை வீட்டு வாசலைவிட உயரமாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பல இடங்களில் மேம்பாடு என்ற பெயரில் வந்த சாலையே தண்ணீரை வீட்டுக்குள் திருப்பிவிடுகிறது. சாலைக்கு முன்னால் வடிகால் கேளுங்கள்.

‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் அறிவித்தார். நெடுநாள் கோரிக்கை, வரவேற்றேன். பெயர்ப் பலகை மாறும், ரேஷன் அட்டையில் முகவரி மாறும். மழை அறிவிப்பில் வரும் பெயர் மாற அந்தப் பலகைக்குக் கீழே இருக்கும் தரை மாற வேண்டும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டும் கட்டணமில்லாதவை. ஆயாவின் பேரனிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிளஸ் டூ படிக்கிறான். எண்களைப் போனில் ஏற்றிக்கொண்டு, கரிக்கோடு அழிந்துவிடும், பெயிண்டில் போடலாமா என்று கேட்டான். சுவரில் மட்டும் வேண்டாம், கோட்டின் பக்கத்தில் ஸ்கேலை வைத்து போட்டோ எடுத்து, தேதியோடு மனுவில் இணைக்கலாம் என்றேன். தெருவில் மற்ற வீடுகளிலும் அளக்கலாமே என்றான். நான் கிளம்பும்போது அவனும் இரண்டு சிநேகிதர்களும் டேப் தேடிக்கொண்டிருந்தார்கள்.